சின்ன காபித் தோட்டத்துக்கு மழை நிவாரணம்: பட்டியலை யார் போடுறாங்க, கணக்கை யாரிடம் கேட்கிறது?

நாகலூர்_மிளகு

வணக்கம். ஏற்காட்டில் ஒன்று, ஒன்றரை ஏக்கர் காபி வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்காக ஒரு குறிப்பு தயாரிக்கிறோம். அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லார் கையிலும் இருக்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது டிவியில் வந்தது, ஊருக்கே தெரியும். தோட்டத்துக்குள்ளே சரிந்தது எந்தக் கணக்கில் ஏறியது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில். அறுவடை சமயத்தில் பழம் உதிர்வது, ஓடைக்கரையோடு செடி போவது, நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரம் விழுந்து கீழே இருக்கும் காபியை நசுக்குவது என்று மலையில் சேதம் பல மாதிரி.

பட்டியல் எப்படித் தயாராகிறது, எந்த இடத்தில் பெயர் விடுபடுகிறது, என்ன விகிதத்தில் பணம், வந்த பணத்துக்கும் கொடுத்த பணத்துக்கும் கணக்கு எங்கே பார்ப்பது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுங்க" என்ற ஒற்றை வரி மட்டும் வேண்டாம், அது எங்களுக்கே தெரியும்.

பழைய_கிராமக்கணக்கு

மழை பெய்துவிட்டது, சேதம் ஆகிவிட்டது என்பதால் மட்டும் நிவாரணம் வராது. அதற்கு ஓர் அரசாணை வேண்டும். எந்தத் தேதி மழை, எந்தெந்த மாவட்டம், எந்த வகைச் சேதம் என்று அதில் இருக்கும். உங்கள் மாவட்டமோ தேதியோ அதில் இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் சண்டை போட்டுப் பயனில்லை. ஆகவே முதல் வேலை அரசாணை எண்ணைக் கையில் வாங்குவது.

விகிதம்: ஃபெஞ்சலுக்கு மாநில அரசு அறிவித்தது ஹெக்டேருக்கு மானாவாரிப் பயிர் 8,500 ரூபாய், நெல் உள்ளிட்ட இறவைப் பயிர் 17,000, பல்லாண்டுப் பயிர் மற்றும் மரங்கள் 22,500. சேதம் 33 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். மத்திய உள்துறையின் 2022-26 பேரிடர் நிதி விதிமுறையிலும் பயிருக்கு இதே தொகைதான், ஒரு விவசாயிக்கு 2 ஹெக்டேர் வரை. 2026 மார்ச்சுக்குப் பிந்தைய சேதம் என்றால் அந்த வருடத்து ஆணையில் உள்ள விகிதத்தைப் பாருங்கள்.

ஹெக்டேர் என்பதை ஏக்கர் என்று நினைத்துக்கொண்டு "பாதிப் பணத்தை அமுக்கிட்டாங்க" என்று புகார் எழுதுபவர்கள் நிறைய. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஒரு ஏக்கர் காபிக்கு வருவது சுமார் 9,100 ரூபாய். அதே ஏக்கரை யாராவது மானாவாரி என்று குறித்துவிட்டால் 3,440. ஒன்றரை ஏக்கருக்கு 13,650 எங்கே, 5,160 எங்கே! காபி மழையை நம்பி நிற்கும் பயிர்தான், அதற்காக மானாவாரி கட்டத்தில் போடக் கூடாது. அது பல்லாண்டுப் பயிர். பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள், பெயருக்கு நேரே பயிர் வகை என்ன போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

பெயர் விடுபடுவது பெரும்பாலும் அடங்கலில்தான், அதாவது எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. எழுதும் கிராமக் கணக்கில். ஃபெஞ்சல் மழை விழுந்தது பசலி 1434-ல் (வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டு, 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை). அந்தப் பசலி அடங்கலில் உங்கள் சர்வே எண்ணுக்கு நேராகக் காபி என்று இருந்தால்தான் மற்றதெல்லாம். பல்லாண்டுப் பயிர் நிலங்களுக்குப் போன வருடத்தைப் பார்த்து இந்த வருடமும் எழுதிவிடுவது நடக்கும். பத்து வருடம் முன்னால் தரிசு என்று எழுதியது தரிசாகவே ஓடிக்கொண்டிருக்கும், தோட்டம் காய்த்துத் தொங்கும். மழை வந்தபிறகு அடங்கலைத் திருத்தக் கேட்டால் நிவாரணத்துக்காகத் திருத்துகிறான் என்று சந்தேகப்படுவார்கள். ஆடி மாதத்திலேயே பாருங்கள். ஜமாபந்தியில் (வருவாய்த்துறையின் வருடாந்திரக் கணக்குத் தணிக்கை) கிராமக் கணக்கு முழுவதும் மேஜைக்கு வரும், அங்கே எழுத்தில் கொடுத்தால் ஒப்புகை கிடைக்கும்.

சேதம் ஆனதும் வி.ஏ.ஓ.வும் தோட்டக்கலை அலுவலரும் சேர்ந்து புலத்தணிக்கை செய்வார்கள். பட்டியல் வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வழியாக வட்டாட்சியர், அங்கிருந்து கோட்டாட்சியர், ஆட்சியர் என்று ஏறும். மலைக் கிராமங்களில் சிக்கல் எங்கே என்றால், பாதை அடைத்திருக்கும் நாட்களில்தான் கணக்கெடுப்புக்கும் கெடு இருக்கும். சாலையோரத் தோட்டம் பதிவாகும், உள்ளே மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டியது நிற்கும். அதனால் அவர்கள் வருவதற்குக் காத்திருக்காமல் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, சேதத் தேதி எழுதி ஒரு தாளை வி.ஏ.ஓ.விடம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் அதே தாளைப் பதிவுத்தபாலில், ஒப்புகை அட்டையோடு வட்டாட்சியருக்கு. பின்னால் எந்த மேல்முறையீட்டுக்கும் அந்தத் தேதிதான் பிடிமானம்.

மஞ்சக்குட்டை_நர்சரி

33 சதவீதம் என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன், காபியில இதுலதான் தகராறே.

நெல்லுன்னா சாய்ஞ்சு கிடக்கிறது கண்ணுக்குத் தெரியும். காபியில செடி நிமிர்ந்து நிக்கும், பழம் மட்டும் கீழே கிடக்கும். மழை விட்டு ஒரு வாரம் கழிச்சு வர்றவருக்குச் "செடி நல்லாத்தானே இருக்கு" என்று தோணும். அதுக்குள்ள உதிர்ந்த பழத்தை நீங்க பொறுக்கியிருப்பீங்க, இல்லாட்டி அழுகி மண்ணோட போயிருக்கும். மழை விட்ட மறுநாளே தோட்டத்தோட நாலு மூலையிலும் நடுவுலயும் சும்மா கண்ணில் பட்ட செடியா இல்லாம, வரிசையில இத்தனாவதுன்னு எண்ணி ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு செடி பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் அடியில விழுந்த பழத்தைத் துடைச்சு எடுத்துத் தனியா எடை போடுங்க. செடியில இருக்கிறதையும் பறிச்சு எடை போடுங்க. எப்படியும் பறிக்கிற நேரம்தானே, நஷ்டமில்லை. ரெண்டையும் கூட்டி, விழுந்தது எத்தனை பங்குன்னு எழுதுங்க. வெடிச்ச பழத்தை விழுந்த கணக்குல சேர்க்காம தனியா எழுதணும், இல்லேன்னா மொத்தக் கணக்கையும் நம்பமாட்டாங்க. இது அரசு விதிமுறை கிடையாது. ஆனா அலுவலர் முன்னால எண்ணோட நிக்கிறவருக்கும் கையைப் பிசைஞ்சு நிக்கிறவருக்கும் வித்தியாசம் இருக்கு.

போட்டோ எடுக்கும்போது ஜிபிஎஸ் கேமரா ஆப் போட்டால் மட்டும் போதாது. பள்ளத்துல சிக்னல் இல்லாம இடம் ரெண்டு வளைவு தள்ளிக் காட்டும். சர்வே கல் தெரியிற மாதிரி ஒரு படம், அந்தக் கல்லுல இருந்து சேதம் ஆன இடம் தெரியிற மாதிரி இன்னொரு படம். புலப்பட நகல்ல எந்தக் கல்லுன்னு பேனாவால வட்டம் போட்டு வெச்சுக்குங்க. விழுந்த சில்வர் ஓக்கை அறுத்து எடுக்கிறதுக்கு முன்னாடி, அடியில நசுங்கின செடிகளோட சேர்த்துப் படம்.

மிளகு வேற கதை. கொடி மழையன்னிக்குச் சாகாது. ஈரத்துல பைட்டோப்தோரா அழுகல் நோய் பிடிச்சு, ரெண்டு மூணு வாரத்துல இலை கொட்டி, கணு கணுவா உடைஞ்சு விழும். அதுக்குள்ள கணக்கெடுப்பே முடிஞ்சிருக்கும். முதல் மனுவுலயே "மிளகுக் கொடி வாடல் பின்னால் வெளிப்பட வாய்ப்பு, மறு ஆய்வு கோருகிறேன்" என்று ஒரு வரி சேர்த்துடுங்க. பின்னால புதுசா மனு போடுறதைவிட இது பலம். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கணும்: தொகை பரப்புக்குத்தான். அதே நிலத்துக்குக் காபிக்கு ஒரு தடவை, மிளகுக்கு ஒரு தடவைன்னு எதிர்பார்க்காதீங்க.

காபி வாரிய அலுவலர் தர்ற மதிப்பீடு துணைக் காகிதமாத்தான் உதவும். வாரியம் மத்திய வணிக அமைச்சகத்தோடது, நிவாரணப் பட்டியல் மாநில வருவாய்த்துறையோடது. வாரியத்துல சொல்லிட்டோம்னு இருந்துட்டு வி.ஏ.ஓ.வை விட்டுடாதீங்க.

நாகலூர்_மிளகு

இருவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. மண் சரிந்து நிலமே போயிருந்தால் அதுவும் இதே 22,500-க்குள் அடங்குமா? பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும் குடும்பங்கள், வன உரிமைப் பட்டா வைத்திருக்கும் மலையாளி பழங்குடிக் குடும்பங்கள், இவர்கள் நிலை என்ன?

பழைய_கிராமக்கணக்கு

அடங்காது, தனித் தலைப்பு. நிலச்சரிவில் நிலத்தின் பெரும்பகுதி போய்விட்டால் அதே 2022-26 விதிமுறையில் ஹெக்டேருக்கு 47,000 ரூபாய். நிலத்தின் மேல் 3 அங்குலத்துக்கு மேல் மண், மணல் படிந்திருந்தால் அள்ள 18,000. இரண்டும் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும். மனுவில் "பயிர் சேதம்" என்று மட்டும் எழுதினால் பயிர் மட்டும்தான் பார்ப்பார்கள். பத்து சென்ட் போனால் கையில் வருவது சுமார் 1,900 ரூபாய்தான், பெரிய தொகை இல்லை. ஆனாலும் அந்தப் பதிவு இருந்தால்தான் பிறகு அளவை செய்து பரப்பைக் குறைக்கவோ தடுப்புச் சுவர் கேட்கவோ முடியும். சிறு, குறு விவசாயி சான்றை இ-சேவையில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கெடு நெருங்கும்போது அந்தச் சான்றுக்கே வரிசை நிற்கும்.

தாத்தா பெயர்ப் பட்டாதான் மலையிலும் கீழேயும் பெரிய தலைவலி. பணம் உயிரோடு இருப்பவர் கணக்கில் போட வேண்டும், பட்டாவில் இருப்பவரோ இல்லை. வாரிசுச் சான்றும், மற்ற பங்காளிகளின் ஆட்சேபணையின்மைக் கடிதமும், அனுபவத்தில் இருப்பவர் இன்னார் என்ற வி.ஏ.ஓ. சான்றும் கேட்பார்கள். அத்தைமார் கட்டிக்கொடுத்த ஊரில் இருப்பார்கள், கடிதம் வாங்கப் போனால் பழைய பாகப் பிரச்சினை கிளம்பும். மழைக்காலத்தில் தொடங்கினால் முடியாது. பட்டா மாறுதலை இப்போதே இணையத்தில் போட்டுவிடுங்கள்.

வன உரிமைச் சட்டம் 2006-ன்படி தந்த உரிமை ஆவணம் சாதாரண சிட்டாவில் வராது. சிட்டாவை வைத்துப் பட்டியல் போட்டால் இவர்கள் யாருமே அதில் இருக்கமாட்டார்கள். ஆவண நகலோடு தனித்தனியாக இல்லாமல் ஊராகச் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுப்பது நல்லது. கிராம சபையில் தீர்மானமாகப் போட்டால் இன்னும் நல்லது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் இருக்கிறது. பயனாளிப் பட்டியலைச் சபையில் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

எஸ்டேட் லயன் வீடுகளில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருப்பவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வீட்டுச் சேதத் தொகையை அவர்கள் பெயரில் கேட்பது கடினம், வீடு எஸ்டேட்டுடையது. ஆனால் பாத்திரம், துணிமணி உதவி குடும்பத்துக்கானது. வீடு அடித்துப்போனாலோ முழுதாக இடிந்தாலோ இரண்டு நாளுக்கு மேல் நீரில் நின்றாலோ துணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500. முழுதாக இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000, மலைப்பகுதியில் 1,30,000 என்று அதே 2022-26 விதிமுறையில் இருக்கிறது. ஏற்காட்டுக்காரர்கள் இரண்டாவதைக் கேளுங்கள்.

கிச்சிப்பாளையம்_வாசி

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். சேலம் டவுன்ல திருமணிமுத்தாறு ஓரத்துல ராத்திரி தண்ணி ஏறி மறுநாள் சாயங்காலம் வடியுற வீடுகளுக்கு அந்த "இரண்டு நாளுக்கு மேல்" பொருந்தாதா?

பழைய_கிராமக்கணக்கு

நேராகப் பொருந்தாது. மாநில அரசு தனியாக அறிவிக்கும் தொகை இருந்தால்தான். ஃபெஞ்சலுக்கு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் ரேஷன் அட்டைக்கு 2,000 அறிவித்தது அப்படிப்பட்டது. சுவர் இடிந்திருந்தால் பகுதிச் சேதமாகக் கேட்கலாம்: குறைந்தது 15 சதவீதம் சேதம், பக்கா வீட்டுக்கு 6,500, கச்சா வீட்டுக்கு 4,000. தண்ணீர் இரண்டு நாளைத் தாண்டி நின்றிருந்தால் சுவரில் நீர்க்கறை தெரியும்போதே டேப் பிடித்துப் படம் எடுங்கள். மாநகராட்சி மோட்டார் வைத்து இறைத்திருந்தால் அந்தப் பதிவும் சாட்சி.

அஸ்தம்பட்டி_மனு

இனி கணக்குக் கேட்கும் பகுதி.

திங்கட்கிழமை குறைதீர் நாள், 1100 உதவி எண், முதல்வரின் முகவரி எல்லாவற்றிலும் போடுங்கள், செலவில்லை. ஆனால் "மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று மனு முடிக்கப்படுவதைத்தான் அதிகம் பார்க்கலாம். அந்தப் பதிலில் ஒரு ந.க. எண், அதாவது அலுவலகக் கோப்பு எண் இருக்கும். அதுதான் தங்கம். அந்த எண்ணைப் பிடித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் இறங்க வேண்டும்.

"எனக்கு ஏன் நிவாரணம் தரவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்பது காகிதத்தில் இல்லாத விஷயம், "கருத்து கேட்பது தகவல் ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள். வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, பிரிவு 6(1), பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி:

இன்ன தேதி மழைக்கு இந்த வட்டத்துக்குப் பொருந்தும் அரசாணையின் நகல். ஒதுக்கீட்டு ஆணையின் நகல். இன்ன கிராமம், இன்ன சர்வே எண்ணுக்கான கூட்டுப் புலத்தணிக்கை அறிக்கை, தணிக்கை செய்த தேதியோடு. கிராமவாரியாகப் பயனாளிகள் எண்ணிக்கை, பயிர் வகை, ஹெக்டேர், தொகை. வங்கியிலிருந்து திரும்பிய இனங்கள், தொகை. ந.க. எண் இன்னதற்கான தன்பதிவேட்டுப் பக்கத்தின் நகல். இவ்வளவு போதும்.

தன்பதிவேடு கேட்பது ஏன் என்றால், உங்கள் மனு எந்தத் தேதியில் எந்த இருக்கைக்கு வந்தது, எத்தனை நாள் அங்கேயே கிடந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, தேதியே பேசும்.

அடுத்தவர் பெயர், வங்கி எண் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள். உங்கள் நோக்கத்துக்கு அது வேண்டியதும் இல்லை. கிராமத் தொகையை ஹெக்டேரால் வகுத்துப் பாருங்கள். எல்லாம் காபி என்று போட்டிருந்தும் 22,500 வரவில்லை என்றால் வகைப்பாட்டில் கோளாறு. பட்டியலில் உள்ள காபிப் பரப்பு, அடங்கலில் அந்தக் கிராமத்துக்கு உள்ள மொத்தக் காபிப் பரப்பைத் தாண்டினால் இல்லாத தோட்டம் பட்டியலில் ஏறியிருக்கிறது. இந்த இரண்டு கணக்கும் ஒரு தாளில் முடியும், எந்த அதிகாரியும் மறுத்துப் பேச முடியாது.

30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் 19(1) முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு 19(3). அலுவலகம் மாறிப் போட்டுவிட்டாலும் 6(3)-ன்படி ஐந்து நாளில் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஆணையத்தில் நாளாகும். ஆகவே ஆணையத்தை எதிர்பார்க்காமல், முதல் மனுவிலேயே "ஆவணங்களை நேரில் ஆய்வு செய்ய அனுமதிக்கவும்" என்று சேருங்கள். முதல் ஒரு மணி நேரம் இலவசம். கோப்பை நேரில் புரட்டினால் கேட்கத் தோன்றாத காகிதமும் கண்ணில் படும்.

நீதிமன்றம் கடைசி. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி குறைந்தபட்ச நிவாரணத் தரம் வகுப்பது விருப்பம் இல்லை, கட்டாயம் என்று 2021 ஜூன் 30-ல் கோவிட் இறப்பு நிவாரண வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டால் பெரும்பாலும் "மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடுங்கள்" என்றுதான் உத்தரவு வரும். அதற்கும் தேதி போட்ட மனு முன்னால் இருக்க வேண்டும்.

ஐந்துரோடு

மேலே, மத்திய, மாநில அரசு மட்டத்தில் உள்ள பணக் கணக்கு பற்றி. ஃபெஞ்சலுக்கு மத்திய அரசு 944.80 கோடி "தந்தது" என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் விடுவித்த அந்தத் தொகை, மாநிலப் பேரிடர் நிதியில் அந்த வருடத்துக்கு எப்படியும் வரவேண்டிய மத்தியப் பங்கின் இரண்டு தவணை. அந்த நிதியில் மத்தியப் பங்கு 75, மாநிலப் பங்கு 25 சதவீதம். கூடுதலாக வந்தது தேசியப் பேரிடர் நிதியிலிருந்து 2025 ஏப்ரலில் அனுமதித்த 522.34 கோடி. அதிலும் மாநில நிதியின் தொடக்க இருப்பில் 50 சதவீதத்தைக் கழித்துக்கொள்வார்கள். மேடையில் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அது முதல் வகையா இரண்டாவதா என்று கேளுங்கள், இரண்டு கட்சிக்காரர்களும் வசதிக்குத் தகுந்தபடி கலக்குகிறார்கள்.

சிறு விவசாயிக்கு இதைவிட முக்கியம் மார்ச் 31. கணக்கில் ஏறாமல் திரும்பிய பணம் நிதியாண்டு முடிந்தால் ஒப்படைக்கப்படும், பிறகு புதிதாக ஒதுக்கீடு கேட்க வேண்டும். பட்டியலில் பெயர் இருந்து பணம் வராதவர்கள் பிப்ரவரிக்குள் விசாரித்துவிட வேண்டும்.

ஏன் திரும்புகிறது? பாஸ்புக்கில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி. வங்கி இணைந்ததில் ஐ.எஃப்.எஸ்.சி. மாறியது தெரியாமல் பழையதை எழுதிக் கொடுப்பது. கணக்கு பல வருடம் அசையாமல் கிடந்து முடங்கியிருப்பது. ஆதார் வழியாகப் பணம் போட்டால் இன்னொன்று: நீங்கள் கொடுத்த பாஸ்புக்கைப் பார்க்காது, என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் தேசிய அமைப்பு) பதிவில் கடைசியாக எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறதோ அங்கே போகும். நூறு நாள் வேலைக்கு ஒரு வங்கி, காஸ் மானியத்துக்கு ஒரு வங்கி, மகளிர் குழுக் கடனுக்கு ஒரு வங்கி என்று இருக்கும் வீட்டில் பணம் வந்தே இருக்கும், யாரும் அந்தப் பாஸ்புக்கைப் பார்த்திருக்கமாட்டார்கள். புகார் எழுதும் முன் வீட்டில் உள்ள எல்லாப் பாஸ்புக்கையும் வரவு வைத்துப் பாருங்கள். திரும்பியதுதான் என்று உறுதியானால், வட்டாட்சியருக்குச் சரியான கணக்கு விவரம், ரத்து செய்த காசோலை அல்லது பாஸ்புக் முதல் பக்க நகல், திரும்பிய இனம் மறுபடி செலுத்தக் கோரும் ஒரு பக்க மனு. அதில் பழைய ந.க. எண்ணை மேற்கோள் காட்ட மறக்க வேண்டாம், இல்லையேல் புது மனுவாக வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.